இடப்பக்கத்து இங்கிலீஷ்

ஆஸ்பத்திரி வாசலில் புதுப் பலகை மாட்டிய அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் துணியக்காதான். "என்னப்பா எழுதியிருக்கு?" என்று கீழேயிருந்து கேட்டாள். மேலே நின்ற எலக்ட்ரீஷியன், "தெரியலக்கா. நேரா இருக்கான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க" என்றான். நேராகத்தான் இருந்தது. இன்றுமுதல் இது ஆங்கிலம் பேசும் ஆஸ்பத்திரி என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் சேதி, மத்தியானத்துக்குள் படியிறங்கி அடித்தளம்வரை வந்துவிட்டது. அதுவரை அந்த ஆஸ்பத்திரி எந்தப் பாஷை பேசியது என்று யாரும் யோசித்ததில்லை. பெரும்பாலும் "கொஞ்சம் வெளியே இருங்க" என்பதைத்தான் பேசிக்கொண்டிருந்தது.

துணியக்கா அடித்தளத்துத் துணி அறைக்குப் பொறுப்பு. ஐந்து மாடிக்கும் போகிற படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர்களின் பச்சை அங்கி, கூட்ட அறையின் மேசை விரிப்பு எல்லாம் அவள் கையைத் தாண்டித்தான் போகவேண்டும், அவள் கைக்குத்தான் திரும்பவேண்டும். எது எந்த வார்டு என்று ஒவ்வொன்றின் ஓரத்திலும் சலவைக்கு அழியாத மையால் எழுதுவதும் அவளே. பதினோரு வருஷமாகச் செய்கிறாள். பதினோரு வருஷமும் தற்காலிகம். "தற்காலிகமே இவ்வளவு நாள்னா, நிரந்தரம் பண்ணிட்டாங்கன்னா அடுத்த ஜென்மத்துலயும் வந்து விரிக்கணும்போல" என்பார் அவள் புருஷன்.

புருஷன் லாரி ஓட்டியவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் இரண்டு சிறுநீரகமும் சொல்லிவைத்ததுபோல் படுத்துக்கொண்டன. வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ். இரண்டு பஸ் மாறிப் போகிற இடம். போனால் நாற்காலி கிடைக்கும் என்று நிச்சயமில்லை. "மெஷின் ரிப்பேர், நாளைக்கு வாங்க" என்பார்கள், ஏதோ செருப்புத் தைக்கக் கொடுத்தவரிடம் சொல்வதுபோல. போன மாதம் அடுத்தடுத்து இரண்டு தடவை அப்படித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் அவரால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மாடிப்படி ஏறுகிறவர்போல மூச்சு வாங்கினார்.

"எவ்வளவு ஏறினாலும் மாடி வரமாட்டேங்குதுடி" என்றார்.

அவருக்கு எதிலும் ஒரு விளையாட்டு. அவள் தலையணையை எடுத்து அவர் முதுகுக்கு முட்டுக்கொடுத்தாள்.

அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலேயே, இரண்டாம் மாடியில், டயாலிசிஸ் நாற்காலிகள் ஒன்பது இருந்தன. ஜன்னலோரத்து ஒன்பதாம் நாற்காலி நிரந்தர ஊழியர் குடும்பத்துக்கென்று ஒதுக்கியது. பாய்லர்காரருடைய அம்மா போய்ச்சேர்ந்த பிறகு நாலு மாதமாக அது காலி. தினமும் காலையில் துணியக்கா தன் கையால் அதற்கு வெள்ளை விரிப்பு விரிப்பாள். சாயங்காலம் மடிப்புக் கலையாமல் அதே விரிப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போவாள். தற்காலிக ஊழியரின் புருஷனுடைய சிறுநீரகமும் தற்காலிகமாகத்தான் கெட்டிருக்கும் என்று நிர்வாகம் நினைத்ததோ என்னவோ.

இந்த நிலைமையில்தான் நிரந்தரமாக்க வேண்டியவர்கள் என்று பதினாலு பேர் பட்டியல் வந்தது. மூப்புப்படி துணியக்கா பெயர் முதலில். கூடவே ஒரு நிபந்தனை. எட்டு மாதம் ஆங்கிலப் பயிற்சி, முடிவில் தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வந்து வாய்மொழித் தேர்வு. தேறினால் நிரந்தரம். தேறாவிட்டால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது.

பயிற்சி தருவதற்கு ஒருவர் வந்தார். உச்சி வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர். முதல் நாளே பதினாலு பேரையும் வரிசையாக நிற்கவைத்து நாக்கை நீட்டச் சொன்னார், மடிக்கச் சொன்னார், மேலண்ணத்தில் ஒட்டவைக்கச் சொன்னார். அந்தப் பக்கம் போன டாக்டர் ஒருவர் ஏதோ தொற்று என்று நினைத்து முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டார். அன்றைக்கே அவருக்கு நாக்கு சார் என்று பெயர் விழுந்துவிட்டது.

"இங்கிலீஷ்ங்கிறது பாஷை இல்லை. அது ஒரு தோரணை" என்றார் நாக்கு சார்.

தோரணையைக் கற்றுத்தர அவரிடம் ஒரு புத்தகம் இருந்தது. அவரே எழுதியது. முன்னட்டையில் அவர் படம், பின்னட்டையிலும் அவர் படம். உள்ளே இடப்பக்கங்களில் இருபத்துநாலு கேள்வி, வலப்பக்கங்களில் இருபத்துநாலு பதில். நலமா என்பதில் ஆரம்பித்து, பெயர், வீடு, பொழுதுபோக்கு, உடம்பு வலி என்று போய், நான் உங்களுக்கு உதவலாமா என்பதில் முடியும். நாக்கு சார் எல்லோரையும் ஜோடி சேர்த்தார். ஜோடியில் மூத்தவர் கேட்கவேண்டும், இளையவர் பதில் சொல்லவேண்டும். அவரவர் அந்தஸ்துக்கு ஏற்ற ஆங்கிலம் என்று இதற்கு விளக்கம் வேறு. நகல் எடுக்கும்போது காகிதத்தை மிச்சம் பிடிக்கச் சொன்னது நிர்வாகம். அதனால் மூத்தவர்களுக்கு இடப்பக்கங்களையும் இளையவர்களுக்கு வலப்பக்கங்களையும் மட்டும் எடுத்துத் தைத்துக் கொடுத்தார்கள். ஆளுக்குப் பாதி.

இதில் யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை என்பதுதான் விசேஷம். அதட்டலுக்குப் பதில் சொல்லியே காலம் தள்ளியவர்கள் அந்த மூத்தவர்கள். விரிப்பு ஏன் குறைகிறது, தட்டு ஏன் கழுவவில்லை, லிஃப்ட் ஏன் நிற்கிறது என்று. இப்போது முதன்முறையாக அவர்கள் கையில் கேள்வி. சமையலறைத் தலைவர் தன் ஜோடியை வாணலிக்கு முன்னால் நிறுத்தி, கரண்டியை நீட்டி, "வாட் இஸ் யுவர் நேம்?" என்று கேட்ட கேட்பில், அந்த ஆள் நிஜமாகவே தன் பெயரை மறந்துபோனான்.

துணியக்காவுக்கு வாய்த்த ஜோடி சிலிண்டர். வார்டு வார்டாக ஆக்சிஜன் சிலிண்டர் உருட்டுகிறவன். நாற்பதை நெருங்கும் ஆள், ஏழு வருஷ சர்வீஸ், ஆகவே இளையவன். துணி மூட்டைகளுக்கு நடுவில் சிலிண்டரின் மேல் ஒரு காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு அவன் நிற்க, அவள் விரிப்பு மடித்தபடியே கேட்பாள்.

"வாட் இஸ் யுவர் ஹாபி?"

"மை ஹாபி இஸ் கார்டனிங்."

"அப்படின்னா என்னப்பா?"

"தோட்டம் போடுறதுக்கா."

"நீ இருக்கிறது மூணாவது மாடியில ஒத்தை ரூம்ல. ஒரு தொட்டியாவது வெச்சிருக்கியா?"

"தண்ணியே ஒருநாள் விட்டு ஒருநாள்தான்க்கா வருது. புத்தகத்துல அப்படித்தான் இருக்கு. நான் என்ன பண்ண?"

ஒவ்வொரு தடவை பேசி முடித்ததும் பேச்சு அட்டையில் இருவரும் கையெழுத்துப் போடவேண்டும். எட்டு மாதத்தில் இருநூறு கையெழுத்து. துணியக்கா இருநூற்றுப் பதினாறு போட்டிருந்தாள். கேள்விகளை அவள் கேட்பதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யாரோ பெரிய டாக்டரம்மா என்று தோன்றும். நாக்கு சாரே ஒருநாள் கை தட்டினார்.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். தேர்வாளர் ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்துக் கேட்பார். ஊழியர் பதில் சொல்லவேண்டும்.

அதைப் படித்துச் சொன்னவன் சிலிண்டர். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

"அப்ப ஜோடியா இல்லையா?" என்றாள்.

"இல்லக்கா."

"அவங்கதான் கேட்பாங்களா?"

"அவங்க நம்ம ரெண்டு பேரையும்விட மூத்தவங்க இல்லையாக்கா" என்றான் பாவமாக.

சிலிண்டரின் வலப்பக்கங்களை இரவல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். புருஷனைச் சுவரோடு உட்காரவைத்து இடப்பக்கங்களைக் கையில் கொடுத்தாள். லாரியில் பல ஊர்ப் பலகை பார்த்தவர், எழுத்துக் கூட்டிப் படிப்பார்.

"ஹவ் ஆர் யூ?" என்றார்.

"வாட் இஸ் யுவர் நேம்?" என்றாள்.

"அடியே, நான்தானே கேட்கிறேன். ஹவ் ஆர் யூ?"

வாயைத் திறந்தாள். இருநூற்றுப் பதினாறு தடவை ஓடிய தடத்தில் நாக்கு தானாகப் போய் ஏறிக்கொண்டது. "வாட் இஸ் யுவர் நேம்?"

அவர் தாளை மடியில் வைத்துவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சிரைப்பானது. அடங்கினதும் சொன்னார்: "கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். எங்க போனீங்க, ஏன் லேட்டு, யாரோட பேசிட்டிருந்தீங்க. ஒருநாளாவது நீ எனக்குப் பதில் சொல்லியிருக்கியா? இப்ப திடீர்னு சொல்லுன்னா எப்படி வரும்?"

"விளையாடாதீங்க. எனக்கு அழுகையா வருது."

"சரி சரி. மறுபடி."

மறுபடியும் அதேதான். பஸ்ஸில் படித்தாள், துணி எண்ணும்போது படித்தாள், அந்த ஒன்பதாம் நாற்காலிக்கு விரிப்பு விரிக்கும்போது உதட்டுக்குள் முணுமுணுத்தாள். தனியாக இருக்கும்போது பதில்கள் நல்ல பிள்ளையாக வரிசையில் நின்றன. எதிரில் ஒருத்தர் வந்து கேட்டுவிட்டால் போதும், எல்லாம் ஓடி ஒளிந்துகொண்டன. சிலிண்டரைக் கேள்வி கேட்கச் சொல்லிப் பார்த்தாள். அவனுக்கும் அதே வியாதி. "ஐ ஆம் ஃபைன்" என்று ஆரம்பித்தான். "ஐ ஆம் ஃபைன்" என்று அவளும் சொன்னாள். "மை ஹாபி இஸ் கார்டனிங்" என்றான். ஒருவரும் ஒன்றும் கேட்காமலே இருவரும் சௌக்கியமாக இருந்தார்கள்.

ஆறு நாள் இருக்கும்போது நாக்கு சாரிடம் போய் நின்றாள்.

"சார், பதில் எனக்கு நிக்கமாட்டேங்குது. நீங்க ஒரு நாலு நாள் என்னைக் கேள்வி கேட்டுப் பழக்கிவிட்டா..."

"வை?" என்றார் நாக்கு சார்.

"பரீட்சையில அவங்க கேட்பாங்களாமே சார்."

"வை நாட்?"

"அப்ப நான் எப்படி சார் பதில் சொல்றது?"

நாக்கு சார் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "அண்ட் யூ?" என்றார். பிறகு நடந்து போய்விட்டார்.

துணியக்கா அங்கேயே நின்றாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எட்டு மாதமாக நாக்கு சார் ஆங்கிலத்தில் எதற்கும் பதில் சொல்லி யாரும் கேட்டதில்லை. வெளிநாட்டு டாக்டர் ஒருவர் வந்து அவரிடம் நீளமாக ஏதோ விசாரித்தபோதுகூட இதே "அண்ட் யூ?"தான். பாவம் அந்த டாக்டர், தன் கதையை அரைமணி நேரம் சொல்லிவிட்டுப் போனார். இந்த மனுஷனும் இடப்பக்கத்து ஆள்தான். கோட்டு மட்டும் வலப்பக்கம்.

அன்று சாயங்காலம் ஒன்பதாம் நாற்காலி விரிப்பைச் சுருட்டும்போது, மற்ற எட்டு நாற்காலிகளும் நிறைந்திருந்தன. ஏதோ ஒரு மெஷின் பீப் பீப் என்றது. அந்தச் சத்தம் கேட்டதும், வீட்டில் சுவரில் சாய்ந்திருப்பவரின் மூச்சு ஞாபகம் வந்தது. திருடியாவது பாஸ் பண்ணுவது என்று முடிவு செய்தாள்.

திருட்டு என்றாலும் தெரிந்த தொழிலில்தானே செய்யமுடியும். தேர்வு நடக்கப்போவது கூட்ட அறையில். கூட்ட அறை மேசைக்கு விரிப்புப் போடுவது அவள். தேர்வுக்கு முதல் நாள், துணி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வெள்ளை மேசை விரிப்பின் ஓரத்தில், வார்டு எழுதுகிற அழியாத மையைக்கொண்டு, இருபத்துநாலு பதிலையும் தமிழ் எழுத்தில் பொடிப்பொடியாக எழுதினாள். ஊழியர் உட்காருகிற பக்கம் மேசைக்குக் கீழே தொங்கும் ஓரம். மடியில் கை வைத்தாற்போல் லேசாகத் தூக்கினால் தெரியும். ஐ ஆம் ஃபைன் தேங்க் யூ. ஐ லிவ் நியர் தி ஹாஸ்பிட்டல். எழுதியது அவள் கைதான். பதினோரு வருஷத்தில் ஒரு தலையணை உறையைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகாத கை.

தேர்வு நாள் காலையில் புருஷனைத் தனியாகப் பஸ் ஏற்றிவிட்டு வந்தாள். "நீ இன்னிக்கு இங்கிலீஷ்ல பாஸ் பண்ணு, நான் மெஷின்ல பாஸ் பண்றேன்" என்று ஜன்னல் வழியாகச் சொன்னார். முகம் ஊதியிருந்தது.

எட்டு மணிக்கே விரிப்பை விரித்துவிட்டாள். கதவுப் பக்கத்து நாற்காலி ஊழியருக்கு, எதிர்ப்பக்கம் தேர்வாளருக்கு. இரண்டு தடவை உட்கார்ந்து பார்த்து, எழுத்து தெரிகிறதா என்று சரிபார்த்துக்கொண்டு இறங்கினாள். மூப்புப்படி அவள்தான் முதல். வெளியே பெஞ்சில் பதினாலு பேரும். சமையலறைத் தலைவர் கண்ணை மூடிக்கொண்டு, "வேர் டு யூ லிவ், வேர் டு யூ லிவ்" என்று முனகிக்கொண்டிருந்தார். இளையவர்கள் மட்டும் கால்மேல் கால்.

"அக்கா, வேணும்னா நான் கதவுக்கு வெளியில நின்னு பதிலைக் கொஞ்சம் சத்தமாச் சொல்லட்டா?" என்றான் சிலிண்டர்.

"வேண்டாம்பா. நான் ஏற்பாடு பண்ணிட்டேன்" என்றாள்.

பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தேர்வு எடுக்க வந்த மேடம் கதவுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

நிறுவனர் படம் தேர்வாளரின் தலைக்குப் பின்னால் வந்தால்தான் புகைப்படத்தில் களையாக இருக்கும் என்று நாக்கு சார் கடைசி நேரத்தில் இரு நாற்காலிகளையும் இடம் மாற்றியிருந்தார். கதவுக்கு மேலேதான் நிறுவனர். இருபத்துநாலு பதிலும் மேடத்தின் மடியில் தொங்கிக்கொண்டிருந்தன.

"சிட்" என்றார் மேடம். ஒல்லியான, நரைத்த அம்மா. கயிறு கட்டிய கண்ணாடி. கை முட்டிகள் வீங்கியிருந்தன. எத்தனை கிளை, எத்தனை பேரைப் பார்த்துவிட்டு வந்தாரோ, குரல் அச்சடித்த தாள்போல் இருந்தது.

"ஹவ் ஆர் யூ?"

துணியக்காவுக்குப் பதில் தெரியும். பத்து நாளாகத் தெரியும். வாயைத் திறந்தாள்.

"வாட் இஸ் யுவர் நேம்?"

மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். மறுபடி மெதுவாக, காது மந்தமானவரிடம் கேட்பதுபோல், "ஹவ்... ஆர்... யூ?" என்றார். துணியக்காவுக்கு ஒன்பதாம் நாற்காலியின் வெள்ளை விரிப்பு கண்முன் வந்தது. அதை யாரோ சுருட்டிக்கொண்டு போவதுபோல் இருந்தது. அந்த யாரோவும் அவள்தான்.

மேடம் பேனாவை எடுக்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. விரிப்பின் ஓரத்தைக் கையில் தூக்கிப் பிடித்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, மருந்துச் சீட்டுப் படிப்பதுபோல் நிதானமாகப் படித்தார்.

முடிந்தது. நிரந்தரம் போகட்டும், இனி தற்காலிகமும் கிடையாது. எழுந்து ஓடிவிடலாமா என்றால் கால் வரவில்லை. காலில் விழலாமா என்றால் நடுவில் மேசை. உடம்பு முழுக்கச் செத்துக் கிடக்க, வாய் மட்டும் பழகின தடத்தில் ஓடியது.

"வேர் டு யூ லிவ்?"

மேடம் அவளைப் பார்த்தார். ஓரத்தைப் பார்த்தார். "ஐ லிவ் நியர் தி ஹாஸ்பிட்டல்" என்று படித்தார்.

கேலியா, கோபமா, ஒன்றும் தெரியவில்லை. நிறுத்தினால்தான் ஆபத்து என்று மட்டும் தோன்றியது. கேட்டுக்கொண்டே போனாள். மேடம் படித்துக்கொண்டே போனார். பொழுதுபோக்குக்கு வந்தார்கள். "மை ஹாபி இஸ் கார்டனிங்" என்னும்போது மேடத்தின் உதட்டோரம் லேசாகத் துடித்தது.

பதினோராம் கேள்வி. "டூ யூ ஹேவ் எனி பெயின்?" வலி ஏதாவது இருக்கிறதா.

பதில் எதிரில்தான் இருந்தது. வலி இல்லை, நன்றி. மேடம் அந்த வரியில் விரலை வைத்தார். படிக்கவில்லை. வீங்கின முட்டியுள்ள அந்த விரல் வரியின்மேல் அப்படியே நின்றது.

பிறகு மேடம் பேச ஆரம்பித்தார். புத்தகத்தில் இல்லாத ஆங்கிலம். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, நடுவில் நின்று, மறுபடி வேகமாக. துணியக்காவுக்குப் பிடிபட்டவை மூன்றே சொற்கள்: டாட்டர், ஃபோன், சன்டே. சன்டே நிறையத் தடவை வந்தது. மற்றதெல்லாம் தலைக்கு மேல் போயிற்று. அவள் முழு முகத்தையும் அவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். தலையை ஆட்டலாமா கூடாதா என்று தெரியாமல் பாதி ஆட்டினாள். மேடம் கண்ணாடியைக் கழற்றி, விரிப்பின் ஓரத்தாலேயே துடைத்தார். கண்ணையும் அதிலேயே.

பேச்சு நின்றது. ஒருவர் நிறுத்தினால் மற்றவர் ஆரம்பிக்கவேண்டும் என்பதுதான் துணியக்கா கற்ற ஆங்கிலம். பன்னிரண்டாம் கேள்வியைக் கேட்டாள்.

"ஆர் யூ ஹாப்பி வித் அவர் சர்வீஸ்?"

மேடம் ஒரு நொடி திகைத்தார். பிறகு சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பில் நாக்கு சார் பதறிக் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். மேடம் அவரை ஏறிட்டு, இவர்களில் எத்தனை பேருக்குப் பதில் சொல்லக் கற்றுக்கொடுத்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நாக்கு சார் கோட்டைச் சரிசெய்துகொண்டார். "அண்ட் யூ, மேடம்?"

மேடம் அந்த விரிப்பைத் தானே இழுத்து, நாலாக மடித்து, துணியக்காவின் கையில் கொடுத்தார். "வாஷ் பண்ணிடுங்கம்மா" என்றார். அந்த அறையில் அவர் பேசிய ஒரே தமிழ் அதுதான்.

வீட்டுக்கு வந்தால், புருஷன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "மெஷின்ல ஃபெயில்டி" என்றார். திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் காலருகில் உட்கார்ந்தாள். நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"அவ்வளவு நேரம் அந்தம்மா என்னதான் சொன்னாங்க?"

"தெரியாது. அழுதாங்க."

"நீ என்ன சொன்னே?"

"அடுத்த கேள்வியைக் கேட்டேன்."

அவருக்குச் சிரிக்க மூச்சு இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. கொஞ்சம் பொறுத்து, "உனக்குப் புரியாதுன்னு தெரிஞ்சுதான்டி சொல்லியிருப்பாங்க" என்றார்.

"வேலை போயிடும்ங்க."

"போகட்டும்."

"போகட்டும்னா? உங்களுக்கு நாற்காலி?"

அவர் பதில் சொல்லவில்லை. அவளும் அடுத்ததைக் கேட்கவில்லை. அந்த வாரம் அவர் ஒரே ஒரு தடவைதான் டயாலிசிஸ் பண்ணிக்கொண்டார். ராத்திரியெல்லாம் உட்கார்ந்தபடிதான். துணி அறைக்குப் போகும் ஒவ்வொரு நாளும், கூப்பிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்துக் கையில் தயாராக வைத்திருந்தாள்.

எட்டாம் நாள் முடிவு ஒட்டினார்கள். சிலிண்டர் ஓடி வந்தான். இளையவர்கள் எல்லோரும் பாஸ். மூத்தவர்களில் ஒரே ஒருவர்.

"பதில் சொல்லும் திறன்னு போட்டு கோடு இழுத்திருக்காங்கக்கா. ஆனா, பிறர் சொல்வதைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன்னு ஒண்ணு இருக்கு. அதுல உங்களுக்கு நூத்துக்கு நூறு."

சமையலறைத் தலைவருக்கு ஒப்பந்தம் முடிந்தது. அவர் தன் கரண்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனதைத் துணியக்கா படியில் நின்று பார்த்தாள். நாக்கு சாரின் பயிற்சி முறை பெருவெற்றி என்று அறிக்கை போய், அவர் இன்னும் பெரிய கிளைக்கு மாற்றலானார். துணியக்காவுக்கு நிரந்தர உத்தரவு வந்தது. புரிந்துகொள்ளும் திறனில் நூறு வாங்கியவளை அடித்தளத்தில் வைத்தால் ஆஸ்பத்திரிக்கு நஷ்டம் என்று வாசல் விசாரணை மேசையில் போட்டார்கள். அங்கே அவள் இருபத்துநாலாம் கேள்வியை ராகமாகக் கேட்பாள். "மே ஐ ஹெல்ப் யூ?" ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவர்களை முழு முகத்தோடு கேட்டுவிட்டு இரண்டாம் மாடிக்கு அனுப்புவாள். அங்கே அவளுக்குத் தெரிந்த நர்ஸ் இருந்தாள்.

ஒன்பதாம் நாற்காலி. செவ்வாய், வியாழன், சனி, காலை எட்டு மணி.

மேசை விரிப்பின் மை சலவையில் போகவில்லை. போகாது என்று அவளுக்குத் தெரியும். பழசு என்று கழித்துக்கட்டி, பாதியாக வெட்டி, ஓரம் தைத்து, புருஷனுக்குப் போர்த்துகிற துணியாக்கிக்கொண்டாள். முதல் செவ்வாய்க்கிழமை தன் கையாலேயே நாற்காலிக்கு வெள்ளை விரிப்பு விரித்தாள். அவர் ஏறி உட்கார்ந்தார். உட்காருவதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார். உத்தரவுக்குக் காத்திருந்த ஒரு மாதத்தில் கை வற்றிப்போயிருந்தது. நர்ஸ் ஊசி குத்த நரம்பு தேடினாள். முதல் தடவை கிடைக்கவில்லை, இரண்டாம் தடவையும் கிடைக்கவில்லை. மூன்றாவதில் ஏறியது.

துணியக்கா வாசல் மேசைக்கு ஓடவேண்டும். போகிற அவசரத்தில், பக்கத்து நாற்காலிக்காரர்கள் பார்க்கட்டும் என்று கொஞ்சம் தோரணையாகவே கேட்டாள்:

"டூ யூ ஹேவ் எனி பெயின்?"

அவர் தன்மேல் போர்த்தியிருந்த அந்தத் துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். வரியைக் கண்டுபிடித்தார். கண்ணைச் சிமிட்டிவிட்டு, நாக்கு சாரே கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிடும் உச்சரிப்பில் படித்தார்.

"நோ பெயின், தேங்க் யூ."

எட்டு நாற்காலியும் சிரித்தது. அவளும் சிரித்துவிட்டு இரண்டடி போனாள். திரும்பி வந்தாள். ஊசி ஏறிய கைக்குப் பக்கத்தில் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "வலிக்குதா?" என்றாள்.

"வலிக்குதுடி" என்றார்.